கூட்டினால் ஏழு

மாலை ஐந்தே கால். மறுநாள் தையல்கார அக்காவுக்கு மூன்றாவது முறையாகக் கணக்குத் தேர்வு. இதிலும் தோற்றால் கல்லூரிப் பேச்சே கிடையாது.

காரணிப்படுத்தும் பயிற்சியில் x² + 7x + 13 என்றிருந்தது. கணக்கு டீச்சரான தங்கை சிரித்தாள்.

"அச்சுப்பிழைக்கா. பன்னிரண்டுன்னு இருக்கணும். கூட்டினா ஏழு, பெருக்கினா பதிமூணு வர்ற எண்ணே கிடையாது. விடு."

"நான் போட்டுட்டேன்டி. மூணும் நாலும்."

அக்கா கைகாட்டிய வெட்டுமேசையில் அவள் அடுக்கிய பொத்தான்கள் மூன்று வரிசையாக இருந்தன. தங்கை எண்ணினாள். வரிசைக்கு நான்கு. பிறகு ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டு எண்ணினாள். பதிமூன்று. மறுபடி அடுக்கினாள். மூன்று வரிசை, நான்கு நான்காக. டப்பாவில் மிச்சமில்லை.

அக்கா நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டினாள்.

"இப்பச் சொல்லுங்க டீச்சரம்மா, எனக்குக் கணக்கு வருமா, வராதா?"