பொம்மையின் வசனம்

செங்கல்பட்டில் ஒரு கேபிள் சேனலின் அறை. இருந்தவர்கள்: ஒன்றிய சேர்மன் செங்கல்வராயன், செய்தி ஆசிரியர் ஹரிஹரன், செய்தி முடிந்ததும் வரும் பொம்மைக் காமெடிக்குக் குரல் கொடுக்கும் பிரிசில்லா, அவள் மடியில் சேர்மனின் மீசையோடு ஒரு பொம்மை.

“குடிக்கத் தண்ணி இல்லன்னு பொம்பளைங்க குடத்தோட ரோட்டுல நிக்கிறாங்க. ‘எதிர்லயே கடல் கீது, மொண்டு குடிங்க’ன்னு இந்தப் பொம்மை சொல்லுது! ஊரே சிரிக்குது. நான் இன்னா அவ்ளோ கேனயனா? எவன் எழுதனான் இத்த?” என்று கத்தினார் செங்கல்வராயன்.

“கேக்குறாரு இல்ல? வாயத் தொறந்து சொல்லு!” ஹரிஹரன் மேசையைத் தட்டினார். “உன்னால சேனலையே மூடிடுவாங்க போல கீது.”

“யாரும் எழுதல,” என்றாள் பிரிசில்லா. “முட்டுக்காட்டுல எங்க நியூஸ் ஆளுங்ககிட்ட நீங்க பேசனதுதான் சேர்மனய்யா. நியூஸ்ல அத்த வெட்டிட்டாங்க. பொம்மை ஒரு வார்த்தைகூட சேத்துப் பேசல.”

செங்கல்வராயனின் முகம் கறுத்தது. “வெட்டனது உங்கிட்ட எப்டி வந்துச்சு? எவன் குடுத்தான்?”

பிரிசில்லா ஹரிஹரனைப் பார்த்தாள். ‘நியூஸ்ல போட எனக்குத் தில்லு இல்லம்மா, உன் பொம்மையாவது பேசட்டும்’ என்று அந்தப் பேட்டியை அவளுக்கு அனுப்பியவர் அவர்தான். அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவர் சொன்னார். “என் கம்ப்யூட்டர்லேர்ந்து திருடிக்கீறா சேர்மனய்யா. எழுந்து போடி வெளிய! நாளைலேர்ந்து இந்தப் பக்கம் வராத.”

பொம்மையை ஹரிஹரனின் மேசைமேல் வீசிவிட்டு அவள் வெளியே போனாள். பின்னாலேயே வந்த ஹரிஹரன், அவள் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.