ஆற்றுக் கற்கள்

சிடுமூஞ்சிக் கணவன் அவளுக்காகக் கையால் செய்த முதல் காரியம் அது. கொல்லையில் குழி வெட்டி, ஆற்றுக் கற்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வட்டமாக அடுக்கியிருந்தான். குளிர்காய நெருப்புக்குழி.

“நீயே பத்த வை. நான் உள்ள போய் சால்வை எடுத்துட்டு வரேன்” என்று போனான்.

அவள் தீக்குச்சியை எடுத்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரி பதறினாள்.

“பத்த வைக்காதம்மா. ஈரமான ஆத்துக்கல்லு சூடேறினா வெடிச்சுச் சிதறும். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு போனதே அப்படித்தான்.”

“ஐயையோ, பாவம், எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியாதுக்கா.”

“தெரியாதா? போன வாரம் வந்து, வெடிச்சது எந்த ஆத்துக் கல்லுன்னு விசாரிச்சுட்டுப் போனாரே.”

அவள் தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “இன்னுமா பத்த வைக்கல?”

அவள் வேலிப்படலைத் திறந்து பக்கத்து வீட்டுக்குள் போனாள்.