நனாவுக்கு வாய்க்கட்டு

ஊர்த்தலைவர் நனா அடுசெயின் உதட்டோரம் காதை வைத்து, கண்ணை மூடிக் கவனமாகக் கேட்டார் பாடு. பிறகு நிமிர்ந்து, தங்கப்பூண் போட்ட கோலை ஒருமுறை தரையில் தட்டினார்.

"மழையில நனைஞ்ச சிங்கம், குளிருதுன்னு யார்கிட்டயும் சொல்லாதுன்னு நனா சொல்றாங்க, டாக்டர்."

"அப்ப வலி இல்ல. ரொம்ப நல்லது" என்று எழுதிக்கொண்டார் டாக்டர் லாம்ப்டி.

நனா சொன்னது, 'ராத்திரியெல்லாம் வலி உயிர் போகுது' என்பது. மூன்று வாரத்துக்கு முன் அவருடைய கீழ்த்தாடையை அறுத்துப் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் ரப்பர் வளையங்களால் இறுக்கிக் கட்டியிருந்ததால், எதைச் சொன்னாலும் 'ம்ம்ம்' என்றுதான் வந்தது. மடியிலிருந்த சிலேட்டில் 'வலி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் மாத்திரை கிடைத்தது.

பாவம், ஊர்த்தலைவர் என்று ஆகிவிட்டால் பல் டாக்டரிடம்கூட நேராகப் பேச வழியில்லை. தலைவர் நாலு பேர் முன்னால் முணுமுணுக்க மட்டும்தான் வேண்டும். அதற்கு நகை நட்டுப் பூட்டிச் சபைக்கு எடுத்துச் சொல்வது, ஒச்சாமே எனப்படும் பேச்சாளரின் வேலை. தலைவருக்கு வலப்பக்கம்தான் ஒச்சாமே நிற்க வேண்டும் என்பதும் முறை. பன்னிரண்டு வருஷமாக அந்த இடத்தில் நிற்பவர் பாடு.

நனாவின் தீர்ப்பு என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வேன் பிடித்து வந்து கேட்பார்கள். நம் வாயில் இவ்வளவு ஞானமா என்று நனாவே சில நாள் சொக்கிப்போவதுண்டு.

நாற்காலிக்கும் பாடுவுக்கும் நடுவே புகுந்த நர்ஸ், "ஐயா, கோல் விளக்குல இடிக்குது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மூன்று தரம் சொன்னாள். அவர் அசையவில்லை. "பெரிய இடத்து மிடுக்கு" என்று முணுமுணுத்தபடி அவள் முன்னால் வந்து கையைக் காட்டினாள். பாடு பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார்.

"தாடை நல்லா கூடியிருக்கு" என்றார் டாக்டர். "இனி பல்லு வேலை. கம்பி கட்டி, ஆறு மாசத்துக்கு ரப்பர் வளையம் போட்டு இழுக்கணும். அப்புறம் பின்பக்கம் இல்லாத ரெண்டு பல்லையும் வெச்சிரலாம். ஆனா அந்த ஆறு மாசமும் பேச்சு குழறத்தான் செய்யும்."

'ஆறு மாசமா? முடியாது' என்று எழுதினார் நனா.

"இப்ப விட்டா தாடை கொஞ்சம் கொஞ்சமா பழைய இடத்துக்கே போயிரும். நீங்க பட்டதெல்லாம் வீண்."

நனாவின் மனைவி செர்வாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சாப்பாட்டுக் கவலைதான், டாக்டர். மூணு வாரமா வெறும் கஞ்சியும் சூப்பும். நேத்து பக்கத்து வீட்டுல ஃபுஃபூ களிக்குக் கிழங்கு இடிக்கிற சத்தம் கேட்டு அழுதுட்டாங்க!"

நனா முறைத்தார். கவலை ஃபுஃபூ இல்லை. 'போன வியாழக்கிழமை சபையில் நான் என்ன சொன்னேன் தெரியுமா?' என்று எழுதினார். அதை அழித்துவிட்டு அடுத்ததை எழுதினார். 'எல்லையில் கல் நடச் சொன்னேன்.'

செர்வாவின் சிரிப்பு நின்றது. வியாழக்கிழமை வழக்கு லேசுப்பட்டதல்ல. எல்லையில் நிற்கும் கோகோ மரங்களுக்காக இரண்டு குடும்பம் அரிவாள் தூக்கியிருந்தது. அன்று பாடு சபையில் சொன்னதோ வேறு.

'ஒரே பானையில வேகுற ரெண்டு கிழங்கு, தண்ணி யாரோடதுன்னு சண்டை போடுறதில்லைன்னு நனா சொல்றாங்க. எல்லை மரத்துக் காயை ரெண்டு வீடும் சேர்ந்து பறிங்க, சேர்ந்து காயவைங்க.'

அதைக் கேட்டு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நனாவும் கைதட்டாத குறைதான்.

'அன்னைக்கு அதிர்ஷ்டம். அடுத்த தடவை இவர் தப்பாக் கேட்டு, வெட்டுக்குத்து ஆயிட்டா?' என்று எழுதிக் காட்டினார் நனா. துருத்திய தாடையைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தன் வாய் குழறி ஒரு உயிர் போனால் அவரால் தாங்க முடியாது.

டாக்டர் பெருமூச்சுவிட்டு, சிகிச்சை வேண்டாம் என்று எழுதித் தரும் காகிதத்தை எடுத்து நீட்டினார். நனா பேனாவைத் திறந்தார்.

பாடு கோலைச் சுவரில் சாத்திவிட்டு வந்து மண்டியிட்டார். கோல் இல்லாத பாடுவை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"கையெழுத்துப் போடாதீங்க, நனா. ஆறு மாசம் இல்ல, ஆறு வருஷம் வாயைக் கட்டி வெச்சாலும் சபை நடக்கும். தீர்ப்புல ஒரு குறையும் வராது."

'எப்படி? என் முனகல் உமக்கு எப்படிக் கேட்கும்?' சிலேட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார் நனா.

பாடு செர்வாவைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க முணுமுணுக்கிற அந்தக் காது செவிடாகிப் பத்து வருஷம் ஆச்சு, நனா."