எவ்வளவு மெதுவாகப் போகும்?

பழைய போதகர் டியூடரின் மோட்டார் சைக்கிள் மேடேறும் சத்தம் எம்லின் காதில் இன்றும் இருக்கிறது. நெஞ்சுச்சளிக்காரர்போல இருமி, நின்று, மறுபடி இருமி மேலே வரும். சிறுவயதில் கேட்டது. ஊழியக்காரர் என்றால் அப்படித்தான் வர வேண்டும் என்பது எம்லின் கட்சி.

இப்போதைய போதகர் மென்னாவோ, பழைய கார் விற்கும் முற்றத்தில் இரண்டு பெரிய கார்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். ஒன்று வெள்ளி நிறம், ஒன்று கறுப்பு. இரண்டும் ஆட்டோமேட்டிக். இரண்டும் ஒரு காலத்தில் முதலாளிகளைச் சுமந்தவை.

"அந்த ஓரத்துல ஒரு சின்ன வண்டி நிக்குதே போதகரம்மா. உங்களுக்கு அது போதாதா?"

"எனக்குப் போதும். முட்டி இடிக்குமே."

"உங்க முட்டியா? நீங்க இருக்கிற உயரத்துக்கா?"

மென்னா சிரித்துக்கொண்டே கறுப்புக் காரின் பின்கதவைத் திறந்து பார்த்தார்.

எம்லின் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். சபையின் மூத்த மூப்பர். வண்டி பார்த்துச் சொல்ல என்று வந்திருந்தார். உண்மையில் வேவு பார்க்க வந்திருந்தார்.

கார் வாங்குவது மென்னாவின் சொந்தப் பணத்தில்தான். அத்தை விட்டுப்போனது. ஆனாலும் சுரங்கம் மூடிப் பாதி ஊர் வேலையில்லாமல் இருக்கும் வேல்ஸ் பள்ளத்தாக்கில், போதகருக்கு முதலாளி கார் எதற்கு? வியாழக்கிழமை சபைக் கூட்டம். மென்னா தொடர்ந்து இருப்பதா, வேறு ஊர் பார்ப்பதா என்று அன்று முடிவாகும். எம்லின் கை எந்தப் பக்கமோ, மற்ற கைகளும் அந்தப் பக்கம்தான்.

"இந்த வெள்ளி வண்டி சும்மா சீறும் மேடம்," என்றான் விற்பனையாளன் ரோட்ரி. "கால வெச்சீங்கன்னா கார்டிஃப்லதான் எடுப்பீங்க."

"எவ்வளவு மெதுவா போகும்?"

ரோட்ரி விழித்தான். அந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"மெதுவாவா?"

"ஒரு ஆள் நடக்கிற வேகத்துல. குலுங்காம."

"அதுக்கு நடந்தே போயிடலாமேம்மா," என்றார் எம்லின்.

மென்னா இரண்டையும் முற்றத்துக்குள்ளேயே ஊர்ந்து ஓட்டிப் பார்த்தார். வெள்ளிக் கார் கயிற்றை இழுக்கும் நாய்போல முன்னே முன்னே பாயப் பார்த்தது. கறுப்புக் கார், நின்ற நீரில் படகு நகர்வதுபோல நகர்ந்தது.

"பின்னாடி ஏறி உக்காருங்க எம்லின். தொப்பியை எடுக்காதீங்க. மேலே இடிக்குதா?"

"இடிக்கல."

"கோட்டோட ஒருதரம் இறங்கி ஏறுங்க."

"துணிக்கடை பொம்மை ஆக்கிட்டீங்க என்னைய." இறங்கி ஏறினார். "டியூடர் ஐயா மோட்டார் சைக்கிள்லயே காலத்தை ஓட்டினவரு. தெரியும்ல?"

"தெரியும். நல்ல மனுஷர்," என்று சொல்லிவிட்டு மென்னா ரோட்ரியிடம் திரும்பினார். "கறுப்பு வண்டியே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் எம்லின் மனைவி லவ்ரியிடம் பொருமித் தீர்த்தார். "ராணியம்மா பின்சீட்டுல சாஞ்சுக்கிட்டுப் போகப் போறாங்க. ஓட்டுறதுக்கு ஆள் தேடுவாங்க, பாரு. வியாழக்கிழமை என் கை மேல போகாது."

திங்கட்கிழமை மென்னாவே தொலைபேசியில் கூப்பிட்டார். "நாளைக்கு நெஸ்டா வீட்டுக்காரரோட அடக்கத்துக்கு என் வண்டியை ஓட்டித் தர முடியுமா எம்லின்? கறுப்புக் கோட்டு போட்டுக்குங்க."

"சொன்னேன்ல?" என்றார் எம்லின் லவ்ரியிடம். "துக்க வீட்டுக்குக்கூட பவனியாத்தான் வருவாங்களாம்."

மறுநாள் காரை எடுத்துக்கொண்டு நெஸ்டா வீட்டு வாசலுக்குப் போனார். அமரர் ஊர்தி முன்னால் நின்றது. நெஸ்டா கணவரின் சவப்பெட்டியை அதில் ஏற்றியிருந்தார்கள். மென்னா அதன் முன்சீட்டில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

எம்லினுக்கு ஒன்றும் புரியவில்லை.

நெஸ்டா மகள் தோளைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய முட்டியோடு, படி இறங்கி வந்தாள். தலையில் அகன்ற கறுப்புத் தொப்பி. காரைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"தனிக் கார் எடுக்கறதுக்கு வழியில்ல, நாங்க பஸ்ல வந்துடுறோம்னு சொன்னேனே இத்வல்."

அடக்கத்தை நடத்தும் இத்வல் கதவைத் திறந்து பிடித்தார். "இது வாடகை வண்டி இல்ல நெஸ்டா. போதகரம்மா வண்டி. இனிமே நம்ம சபையில யாரு போனாலும் வீட்டாளுங்க இதுலதான் வரணும். டாக்டர் வீடானாலும் இதேதான். ஏறு."

நெஸ்டா ஏறினாள். தொப்பி இடிக்கவில்லை. முட்டியை நீட்டிக்கொள்ள இடம் இருந்தது.

வழக்கப்படி இத்வல் கைத்தடியோடு ஊர்திக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். எம்லின் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் அந்த நடைக்குச் சமமாக, ஒரு குலுக்கலும் இல்லாமல் பின்னால் போயிற்று. நடைபாதையில் நின்றவர்கள் தலை தாழ்த்தினார்கள்.

"உங்கப்பா பாத்திருந்தா, ராணியாட்டம் போறடின்னு கேலி பண்ணியிருப்பாரு," என்றாள் நெஸ்டா மகளிடம். அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தாள்.

எம்லின் சாலையையே பார்த்து ஓட்டினார்.

எல்லாம் முடிந்து கல்லறை வாசலில் மென்னாவிடம் சாவியை நீட்டினார். "கார் வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா."

"சொல்லியிருந்தா, இல்லாதவங்களுக்காக வாங்கின வண்டின்னு பேராயிருக்கும் எம்லின். அப்புறம் அதுல யார் ஏறுவாங்க?"

நீட்டிய சாவியை எம்லின் திரும்பத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் முதலில் உயர்ந்த கை அவருடையது. கண் பார்வை மங்கும்வரை அந்தக் காரை ஓட்டியவரும் அவர்தான்.