கத்திப் பயம்

"புராஸ்டேட்ல புற்றுநோய்தான். நல்லவேளை, ஆரம்ப நிலை. ஆபரேஷன்னா ஒரே தடவையில முடிஞ்சிடும். கதிர்வீச்சுன்னா ரெண்டு மாசம் தினமும் வரணும். ரெண்டுலயும் குணமாகும். முடிவு உங்களோடது" என்றார் டாக்டர்.

லாரி டிரைவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"ஆபரேஷன் வேண்டாங்க. கத்தின்னாலே எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது" என்றாள் அவள்.

அவர் மறுபேச்சில்லாமல் கதிர்வீச்சுக்குத் தலையாட்டினார்.

காலை வியாபாரம் முடிந்ததும் அவள் எலுமிச்சைத் தோலால் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தினமும் அவருடன் பஸ் ஏறினாள். மாதத்தில் நாலு நாள்கூட வீடு தங்காத மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். அவளுக்கு உள்ளூரக் கொள்ளைச் சந்தோஷம். திரும்பும்போது அவர் துவண்டுபோய் அவள் தோளில் சாய்வார். அப்போது அந்தச் சந்தோஷமே நெஞ்சில் முள்ளாய்க் குத்தும். 'பாவி, நோயாளி மனுஷனை இப்படி அலைய விட்டுட்டேனே!'

கடைசி நாள், பஸ்ஸில் அவளால் அடக்க முடியவில்லை.

"ஏங்க, நீங்க தினமும் என் பக்கத்துல இருக்கணும்னு ஒரு பொய் சொல்லிட்டேன்..."

"கத்தின்னா பயம்னு சொன்னியே, அதுதானே?" அவர் சிரித்தார். "இருபது வருஷமா மார்க்கெட்ல மீன் வெட்டுறவளுக்குக் கத்தின்னா நடுக்கமா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா தலையாட்டினீங்க?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"'அடுத்த மாசத்துலேர்ந்து வீட்டோட இருக்கேன்'னு வருஷக்கணக்கா நான் சொன்ன பொய்க்கெல்லாம் நீ தலையாட்டினியே. உன்னோட ஒரே ஒரு பொய்க்கு நான் தலையாட்டக் கூடாதா?"