கடைசி இடத்துக்குச் செல்வின்

சீசன் தொடங்கும் முன்பே அதை முழுதாக ஆடிப் பார்த்துவிடும் இயந்திரம் எல்லாக் கூடைப்பந்து அணிகளிடமும் இருந்தது. கோவை அணியின் பயிற்சியாளர் ரெஜினா, மிச்சமிருந்த ஒரே இடத்தில் புதுமுகம் செல்வினைப் போட்டுப் பார்த்தார். வேறொருவரை எடுப்பதைவிட நான்கு ஆட்டம் கூடுதலாகத் தோற்பீர்கள் என்றது இயந்திரம். வளையத்தடியில் ஏழடிக்காரர்களை மறிக்க வேண்டிய செல்வின் ஆறடி மூன்றங்குலம்தான் இருந்தான்.

மூன்று மாதமாக அவனோடு மோதிப் பயிற்சி எடுத்த ஏழடி கேப்டன் தாரிக்கை ரெஜினா அழைத்தார். "டீம்ல இடமில்லைன்னு அவன்கிட்ட நீயே சொல்லிடறியா?"

தாரிக் பனியனைத் தூக்கிக் காட்டினான். விலாவெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"மெஷின்ல ஆடறது போன வருசத்துத் தாரிக்குங்க மேடம். யாராச்சும் இடிச்சா ஒதுங்கிக்குவான். இவன் தெனமும் இடிச்சுத்தான் நான் இப்ப நின்னு ஆடறேன். இவனை அனுப்பிட்டா நான் பழையபடி ஆயிருவேனுங்க."

ரெஜினா தாரிக்கின் இந்த மாதப் புள்ளிவிவரங்களை ஏற்றினார். நான்கு தோல்வி இரண்டானது. அதற்கு மேல் குறையவில்லை.

"ரெண்டுதானே, தோத்துக்கலாம்" என்று செல்வின் பெயரை எழுதினார்.

தாரிக் செல்வினின் அறைக்குப் போனபோது அவன் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் வெளிய எடுடா. நீ டீம்ல இருக்கற."

செல்வின் அவனைக் கட்டிக்கொண்டு விம்மினான். கன்றிய விலா வலித்தாலும் தாரிக் விலகவில்லை.

"நாளைக்காவது கொஞ்சம் மெதுவா இடி."

"முடியாதுங்ணா" என்றான் செல்வின்.