மூக்கில் சந்தனம்

காக்கி பேன்ட்டும் தோளில் கான்வாஸ் பையுமாக ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றதும், டில்லிபாபுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வாங்க சார், வாங்க. காலைலேர்ந்து உங்களுக்குத்தான் வெயிட்டிங். மிசினு படுத்துக்கிச்சி."

"இங்க டில்லிபாபு..." என்று இழுத்தார் வந்தவர். பையிலிருந்து லேசாக டீசல் வாடை அடித்தது.

"நான்தான் சார். கம்பெனிக்குப் போன் போட்டதும் நான்தான். இப்பிடி வாங்க."

மேற்கொண்டு பேசவிடாமல், கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை உள்ளே அழைத்துப் போனான்.

கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்புத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா மிஷின், திருவொற்றியூரின் அந்தத் தெருவில் அங்கே மட்டும்தான் இருந்தது. அதை ஓட்டுகிறவன் என்ற பெருமையில் டில்லிபாபு சில மாதங்களாகச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். காலையிலிருந்து மிஷின் அந்தக் காலரை இறக்கிக்கொண்டிருந்தது.

பச்சைப் பட்டனை அமுக்கிக் காட்டினான். வெட்டும் முனையான டார்ச் மெல்ல இறங்கித் தகட்டைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல் தகட்டையே போட்டு அழுத்தியது. பொறி வரவில்லை, கறுப்புத் திரையில் 'எரர்' வந்தது.

"பாத்தீங்களா? முட்டுது, நிக்குது. உள்ள நாஸில மாத்தியாச்சி. காத்துக் கொழாயில தண்ணிய வடிச்சாச்சி. எர்த்து கேபிள கயட்டி மாட்டியாச்சி. கால்ல கூட வுயுந்து பாத்துட்டேன் சார், அதுக்குக் காலே இல்ல."

"நீதான இன்ஜினீரு?"

"யாரு, நானா?" டில்லிபாபு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "பச்ச பட்டன அமுக்குறவன் சார் நானு. செவப்பு பட்டனும் தெரியும். அவ்ளோதான் நம்ம படிப்பு. ஆனா பொண்ணு வூட்டுல தரகர வுட்டு கம்ப்யூட்டர் இன்ஜினீருன்னு சொல்லி வச்சிக்கீறேன்."

"பொண்ணு வூட்டுலயா?"

"அத்த ஏன் கேக்குறீங்க. சாயங்காலம் மாமனாரு ஆவப்போறவரு என்னிய இங்கியே பாக்க வராரு. காசிமேட்டுல சொந்தமா மீன்புடி போட்டு வச்சிக்கீறாரு. கடலுக்குப் போறவனுக்குப் பொண்ணு இல்ல, கரையில வேல பாக்குறவனுக்குத்தான்னு கண்டிசனு. இத்த இந்த நெலமைல பாத்தாருன்னா, பொம்ம மிசினு காட்டுறான்டான்னு போய்க்கினே இருப்பாரு."

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். "இதான் சார் பொண்ணு. இது கெடைக்கலன்னா நான் காலி."

வந்தவர் கையைப் பேன்ட்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நெசத்தச் சொல்லிட்டா இன்னா?"

"பச்ச பட்டனுக்கு எவன் சார் பொண்ணு குடுப்பான்?"

"கேட்டுப் பாத்தியா?"

"அதெல்லாம் எதுக்கு சார். அவருக்கு மிசினப் பத்தி இன்னா தெரியும்? வலையும் மீனும்தான் தெரியும். நாலு பொறி பறந்தா போதும், வாயப் பொளந்துக்கினு நின்னுடுவாரு. அந்த நாலு பொறிய மட்டும் வரவச்சிக் குடுங்க."

"வாயப் பொளப்பாரா?"

"சத்தியமா பொளப்பாரு சார்."

வந்தவர் தோளிலிருந்து பையை இறக்காமலே குனிந்து டார்ச்சைப் பார்த்தார். "தகடு வந்துடுச்சின்னு இதுக்கு எப்பிடித் தெரியும்?"

சோதிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்த டில்லிபாபு, பயிற்சியில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். "இந்த மூக்கு போய் தகட்டத் தொடும் சார். தொட்டா லேசா கரண்டு பாயும். அத்த வச்சித் தெரிஞ்சிக்கினு, கொஞ்சம் மேல ஏறி நின்னு பொறிய வுடும்."

"வெல்டிங்ல, பெயின்ட்டு மேல எர்த்து மாட்டுனா பொறி வருமா?"

"எப்பிடி சார் வரும்?"

"அப்ப மூக்குல இன்னா அது?"

டார்ச்சின் மூக்கு நுனியைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து, கரண்ட்டை மறிக்கும் பெயின்ட் போல ஓடாக ஒட்டியிருந்தது, மேலே குங்குமத்தோடு.

வெள்ளிக்கிழமை தவறாமல் மிஷினுக்குப் பொட்டு வைப்பது டில்லிபாபுதான். வழக்கமாகக் கம்ப்யூட்டர் பெட்டிமேல் வைப்பான். இன்று மாமனார் வருகிறாரே, வேலை செய்கிற இடத்திலேயே வைப்போம் என்று மூக்கைத் தேடிப் பிடித்துக் கெட்டியாக அப்பியிருந்தான். நாஸிலை மாற்றும்போதுகூட, பொட்டு கலையக் கூடாது என்று மூக்கு மூடியைப் பத்திரமாகக் கழற்றிப் பத்திரமாக மாட்டியிருந்தான்.

"அந்தச் சந்தனத்த என் மூஞ்சில அப்பிக்கினு இருந்தா, அயகாவாச்சும் இருந்துருப்பேன்" என்றான் ஈனக் குரலில்.

வந்தவர் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி, கிடந்த பழந்துணியால் துடைத்துவிட்டார். டில்லிபாபு அவர் கையில் ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பட்டனை அமுக்கினான்.

டார்ச் இறங்கியது. தொட்டது. கொஞ்சம் எழுந்தது. பளீரென்று நீல வெளிச்சம் கிளம்பி, பொறி மழையாகக் கொட்டியது. அரை அங்குலத் தகட்டிலிருந்து வட்டம் ஒன்று கோணாமல் அறுந்து 'ணங்'கென்று கீழே விழுந்தது.

"சார், நீங்க தெய்வம் சார். பையக்கூடத் தெறக்காம சரி பண்ணிட்டீங்க. பேப்பரக் குடுங்க, எங்க கையெழுத்துப் போடணும்?" என்று திரும்பினான் டில்லிபாபு.

வந்தவர் கறுப்புக் கண்ணாடியை இன்னும் முகத்திலிருந்து எடுக்கவில்லை. விழுந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல வாயை மூடிவிட்டுச் சொன்னார்:

"நீ சொன்னாப்லயே பொளந்துட்டேன். ஞாயித்துக்கெயம அம்மாவ இட்டுக்கினு பொண்ணு பாக்க வந்துடு, மாப்ள."